ஜாஸ் குழுவோடு பர்லெஸ்க்: நியூ ஆர்லியன்ஸ் மேடைக் கலைஞர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் இசையைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, அந்த இசையோடு பின்னிக் கிடக்கும் பர்லெஸ்க் மேடையைப் பற்றியும் வாசகர்கள் கேட்டுவருகிறார்கள். சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், சிலர் கண்டிப்போடு கேட்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்தக் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

பர்லெஸ்க் ரெவ்யூ என்றால் என்ன?

‘புர்லா’ என்ற இத்தாலியச் சொல்லுக்குக் கேலி, பரிகாசம் என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே பர்லெஸ்க். பெரிய மனிதர்களையும் பெரிய காவியங்களையும் கவிழ்த்துப் போட்டுச் சிரிக்கவைக்கும் மேடை வடிவமாகத்தான் அது முதலில் இருந்தது. ரெவ்யூ என்பது ஒரே கதையாக ஓடாமல், பாட்டு, நடனம், நகைச்சுவை, வித்தை எனத் தனித்தனி உருப்படிகளை ஒரே மாலையில் கோத்துத் தரும் நிகழ்ச்சி. இன்றைய பர்லெஸ்க் ரெவ்யூவில் ஓர் அறிவிப்பாளர், ஒரு பாடகி, நான்கைந்து நடனக் கலைஞர்கள், சில வேளைகளில் ஒரு மந்திரவாதி அல்லது வளைய வித்தைக்காரர் இருப்பார்கள். நடனக் கலைஞர் ஒவ்வொருவரும் நான்கைந்து நிமிடத்தில் ஒரு சிறு கதையை ஆடி, அதன் போக்கில் ஆடைகளில் சிலவற்றைக் களைவார்கள்.

அப்படியானால் இது ஆடை களையும் நடனம்தானே? அதற்கு ஏன் கலை என்ற பெயர்?

ஆடை களைவது உண்டு. அதை மறைத்துப் பேசுவது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களே அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான்கு நிமிட உருப்படியில் ஒரு கையுறை கழல மட்டும் ஒரு நிமிடம் ஆகிறது என்றால், அந்த ஒரு நிமிடத்தில் மேடையில் நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். கண், தோள், நடை, நிறுத்தம், பார்வையாளரை நோக்கிய ஒரு சிறு கேள்வி, அதற்கு டிரம்ஸ் தரும் பதில் ஆகியவை அந்த நிமிடத்தை நிரப்புகின்றன. கதையை எழுதுவதும், இசையைத் தேர்ந்தெடுப்பதும், உடையைத் தைப்பதும், அசைவுகளை அமைப்பதும் பெரும்பாலும் அதே கலைஞர்தான். ஒரு சிற்றரங்கின் நாடகாசிரியர், இயக்குநர், நடிகர், தையற்காரர் ஆகிய நான்கு பேரின் வேலையை ஒருவர் தனியாகச் செய்கிறார். ஆடை களையும் விடுதிகளில் ஆடும் பெண்களின் வேலையும் உழைப்புதான். அதைத் தாழ்த்தி இதை உயர்த்துவது என் நோக்கமன்று. அங்கே ஆடுபவரின் வருமானம் வாடிக்கையாளர் ஒவ்வொருவரோடும் நடக்கும் பரிமாற்றத்தில் இருக்கிறது. இங்கே அரங்கம் முழுவதற்கும் சேர்த்து ஓர் உருப்படி ஆடப்படுகிறது.

இந்த வடிவம் எப்படித் தொடங்கியது?

1868இல் லிடியா தாம்ப்சன் என்ற ஆங்கில நடிகை தம் குழுவோடு நியூயார்க் வந்து இறங்கினார். கிரேக்கப் புராணத்தைக் கேலி செய்யும் நாடகத்தில் பெண்கள் ஆண் வேடமிட்டு, கால்களை ஒட்டிப் பிடிக்கும் இறுக்கமான உடையில் நடித்தார்கள்; அன்றைய அரசியலையும் நையாண்டி செய்தார்கள். கால் தெரிந்ததைவிட, பெண்கள் மேடையில் நின்று எதிர்த்துப் பேசியதுதான் பலரை உறுத்தியது என்று நான் நினைக்கிறேன். அடுத்த அறுபது ஆண்டுகளில் அது அமெரிக்க நகரங்களின் மலிவு விலை அரங்குகளுக்குள் புகுந்து, நகைச்சுவைக் கலைஞர்களும் ஆடை களையும் நடனமும் சேர்ந்த நிகழ்ச்சியாக மாறியது. திரைப்படத்தில் புகழ்பெற்ற அபாட், காஸ்டெல்லோ இருவரும் பர்லெஸ்க் மேடையில் பழகித் தேர்ந்தவர்களே. ஜிப்சி ரோஸ் லீ ஆடியதைவிடப் பேசியே கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். சாலி ராண்ட் 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சிக் காலத்தில் இரண்டு பெரிய இறகு விசிறிகளோடு ஆடி, கைதாகி, வெளியே வந்து மீண்டும் ஆடினார். 1937இல் நியூயார்க் மேயர் லகார்டியாவின் நிர்வாகம் பர்லெஸ்க் அரங்குகளின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தது. விளம்பரங்களில் அந்தச் சொல்லுக்கே தடை விழுந்தது.

நியூ ஆர்லியன்சுக்கும் இதற்கும் என்ன உறவு?

ஜாஸ் வளர்ந்த ஊர் என்பது முதல் காரணம். அந்த நகரத்தில் இரவு வாழ்க்கையும் இசையும் ஒரே கூரையின் கீழ்தான் வளர்ந்தன. 1897 முதல் 1917 வரை பாலியல் தொழில் சட்டத்தின் பார்வையில் அனுமதிக்கப்பட்டிருந்த ஸ்டோரிவில் பகுதியில் ஜாஸ் முன்னோடி ஜெல்லி ரோல் மார்டன் பியானோ வாசித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போர்பன் தெருவில் வரிசையாக நடன விடுதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் இசைக்குழு இருந்தது. பின்னாளில் டாக்டர் ஜான் என்ற பெயரில் பாடகராகவும் பியானோ கலைஞராகவும் புகழடைந்த மாக் ரெபெனாக் போன்றோருக்கு அந்த விடுதிகள் இரவுச் சம்பளம் தந்த இடங்கள்.

அந்தத் தெருவின் நட்சத்திரங்கள் தங்கள் உருப்படிகளின் பெயராலேயே அறியப்பட்டார்கள். லில்லி கிறிஸ்டீன் ‘பூனைப் பெண்’. கிட்டி வெஸ்ட் ‘சிப்பிப் பெண் இவாஞ்சலின்’. மிகப் பெரிய சிப்பி ஒன்று திறக்க, அதன் உள்ளிருந்து முத்தைப் போல எழுந்து வருவார். 1949இல் தம்மைவிட முன்னிலையில் விளம்பரப்படுத்தப்பட்ட டிவீனா என்ற கலைஞர் நீர்த்தொட்டிக்குள் ஆடிக்கொண்டிருந்தபோது, கிட்டி வெஸ்ட் கோடரியோடு வந்து அந்தக் கண்ணாடித் தொட்டியை உடைத்தார். தண்ணீர் அரங்கம் முழுவதும் பாய்ந்தது, படங்கள் நாடு முழுவதும் போயின. விளம்பரத்துக்காகத் திட்டமிட்ட காரியம்தான் அது. ஷோ-பார் விடுதியில் ஆடிய பிளேஸ் ஸ்டாரும் ஆளுநர் ஏர்ல் லாங்கும் கொண்ட உறவு 1959இல் மாநில அரசியலையே கலக்கியது.

கறுப்பினக் கலைஞர்கள் எங்கே ஆடினார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போர்பன் தெருவின் பொற்காலத்தைப் பேசுவது பாதி வரலாறு. அந்த விடுதிகள் வெள்ளையருக்கானவை. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் வரும்வரை கறுப்பின மக்கள் அங்கே வாடிக்கையாளராக உட்கார முடியாது. நகரத்தின் மறுபக்கத்தில், லாசால் தெருவில், 1939இல் பிராங்க் பைனியா தொடங்கிய டியூ டிராப் இன் இருந்தது. அங்கே ரிதம் அண்ட் புளூஸ் குழுக்களோடு ‘ஷேக் டான்சர்’ என்று அழைக்கப்பட்ட பெண்கள் ஆடினார்கள்; பாட்சி விடாலியா என்ற பெண் வேடக் கலைஞர் அறிவிப்பாளராக மேடையை ஆண்டார். 1952இல் சாக்கரி ஸ்காட் என்ற வெள்ளை நடிகர் அங்கே நிகழ்ச்சி பார்க்க வந்ததற்காக, அவரையும் பைனியாவையும் போலீசார் சேர்த்தே கைது செய்தார்கள். இனம் கலந்து உட்கார்ந்ததே குற்றம். நீண்ட காலம் மூடிக் கிடந்த அந்த விடுதி புதுப்பிக்கப்பட்டு 2024இல் மீண்டும் திறந்தது.

இன்னொரு கிளை கடல் கடந்து போனது. 1925இல் கறுப்பின நடனக் கலைஞர் ஜோசபின் பேக்கர் பாரிசில் அரங்கேறிய ரெவ்யூவில், இசைக்குழுவில் இருந்தவர்களில் ஒருவர் நியூ ஆர்லியன்சின் கிளாரினெட் கலைஞர் சிட்னி பெஷே. டெட்ராய்ட்டைச் சேர்ந்த பர்லெஸ்க் கலைஞர் டோனி எல்லிங், ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டனின் பெயரிலிருந்தே தம் மேடைப் பெயரை எடுத்துக்கொண்டவர். ஜாசும் இந்த நடனமும் ஒன்றையொன்று எவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தன என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

பிறகு ஏன் மறைந்தது? எப்படித் திரும்பி வந்தது?

1960களின் தொடக்கத்தில் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜிம் காரிசன் போர்பன் தெருவில் தொடர்ந்து சோதனைகள் நடத்தினார். அதற்குச் சற்று முன்பே தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. விடுதி முதலாளிகளுக்கு ஐந்து இசைக்கலைஞர்களின் சம்பளத்தைவிட ஓர் இசைத்தட்டு மலிவாகப் பட்டது. இசைக்குழு போனதும் உருப்படிகள் சுருங்கின. அலங்காரமான உடைகளும் சிப்பிகளும் விசிறிகளும் தேவையற்ற செலவாகிப்போயின.

மீட்சி 1990களில் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸில் 1995இல் வெல்வெட் ஹாமர் குழு உருவானது. நியூயார்க்கிலும் அதே காலத்தில் இளம் கலைஞர்கள் பழைய படச்சுருள்களையும் பழைய நட்சத்திரங்களையும் தேடிப் போனார்கள். நியூ ஆர்லியன்சில் துலூஸ் தெருவின் ஷிம் ஷாம் கிளப்பில், ஷிம் ஷாமெட்ஸ் குழு பழைய உருப்படிகளை நேரடி ஜாஸ் குழுவோடு மீட்டு ஆடியது. டீஸ்-ஓ-ராமா என்ற நாடு தழுவிய கூடுகையும் 2001இல் அதே நகரத்தில்தான் நடந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நகரத்தை மூழ்கடித்தது. ஊரில் மின்சாரமே முழுமையாகத் திரும்பாத காலத்தில், 2006இல், டிரிக்சி மிங்க்ஸ் என்ற கலைஞர் ஃபிளர் டி டீஸ் குழுவைத் தொடங்கினார். ரிக் டிலாப் நடத்திய பஸ்ட்அவுட் பர்லெஸ்க் 1950களின் போர்பன் தெரு நிகழ்ச்சியை இசைக்குழுவோடு அப்படியே மேடைக்குக் கொண்டுவர முயன்றது; அவர் 2009இல் நியூ ஆர்லியன்ஸ் பர்லெஸ்க் விழாவையும் தொடங்கினார். போர்பன் தெருவின் ராயல் சொனெஸ்டா விடுதியில் உள்ள ஜாஸ் பிளேஹவுஸில் வெள்ளி இரவுகளில் டிரிக்சி மிங்க்ஸ் நடத்திய நிகழ்ச்சியில், இசைக்குழுவும் நடனமும் மீண்டும் கையெட்டும் தூரத்துக்கு வந்தன.

பதிவு செய்த இசைக்கும் நேரடி இசைக்குழுவுக்கும் அப்படி என்ன வேறுபாடு?

எனக்கு இதுதான் மையக் கேள்வி. பதிவு செய்த இசையில் நேரம் ஏற்கனவே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. நாலாவது நிமிடம் இருபதாவது நொடியில் டிரம்பெட் உச்சத்துக்குப் போகும் என்றால், அதற்குள் கொக்கி கழன்றிருக்க வேண்டும். கொக்கி சிக்கிக்கொண்டால் இசை காத்திருக்காது. நேரடிக் குழுவில் நேரம் நடனக் கலைஞரிடமும் டிரம்ஸ் கலைஞரிடமும் இருக்கிறது. கொக்கி சிக்கினால் டிரம்ஸ் கலைஞர் ஸ்நேர் டிரம்மில் உருட்டலை நீட்டுவார், சாக்ஸபோன் அதே ஸ்வரத்தில் கெஞ்சிக்கொண்டு நிற்கும், அரங்கம் சிரிக்கும், கொக்கி கழன்றதும் சிம்பல் வெடிக்கும். அது தவறு என்றே பார்வையாளருக்குத் தெரியாது.

இந்த மேடையில் ‘பம்ப்’ என்பது இடுப்பைச் சட்டென்று முன்தள்ளும் அசைவு. ‘கிரைண்ட்’ என்பது இடுப்பை மெதுவாகச் சுழற்றுவது. பம்ப் ஒவ்வொன்றையும் டிரம்ஸ் கலைஞர் ‘பிடிக்க’ வேண்டும் என்பார்கள். பாஸ் டிரம்மும் சிம்பலும் ஒரே அடியில், அசைவு நிகழும் அதே கணத்தில் விழ வேண்டும். ஒரு நொடியின் சிறு பங்கு பிந்தினாலும் அடி எங்கோ, இடுப்பு எங்கோ என்று ஆகிவிடும். கிரைண்டுக்கு டாம்-டாம் டிரம்களின் கனத்த உருட்டல் பொருந்தும். டிராம்போன் கலைஞர் ரப்பர் கிண்ணத்தைக் குழலின் வாயில் வைத்து மூடியும் திறந்தும் எழுப்பும் உறுமல், ஒரு மனிதர் பின்னால் நின்று ஏதோ கிண்டலாகச் சொல்வதைப் போலவே கேட்கும். டேவிட் ரோஸ் 1958இல் எழுதி, 1962இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘தி ஸ்ட்ரிப்பர்’ என்ற அந்த ஆடை களையும் மெட்டை உலகமே அறியும். அதில் சிரிப்பதும் டிராம்போன்தான். ஆனால் இன்றைய நல்ல குழுக்கள் அந்த ஒரு மெட்டையே நம்பி நிற்பதில்லை. புளூஸ், லத்தீன் தாளம், நியூ ஆர்லியன்சின் தெரு ஊர்வலத் தாளம் என்று எல்லாவற்றிலும் உருப்படிகள் அமைகின்றன.

ஒத்திகை எப்படி நடக்கும்?

பெரும்பாலும் மிகக் குறைவாகத்தான் நடக்கும். ஒரே இரவில் ஐந்து கலைஞர்கள் ஆடுவார்கள், குழுவுக்கு மாலையில் ஓரிரண்டு மணி நேரமே கிடைக்கும். ஆகவே பேச்சு சுருக்கமாக இருக்கும். என்ன பாட்டு, எந்தச் சுருதி, என்ன வேகம், எத்தனை சுற்று, எங்கே நிறுத்தம், எது முடிவு. ‘என் இடக்கை மேலே போனதும் நிறுத்துங்கள், நான் திரும்பிப் பார்த்ததும் மீண்டும் தொடங்குங்கள்’ என்பது போன்ற அடையாளங்களை டிரம்ஸ் கலைஞர் இசைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இடங்களில் ‘வாம்ப்’ என்று எழுதியிருக்கும். அடையாளம் வரும்வரை அந்த இரண்டு பார்களை, அதாவது இரண்டு தாள அளவுகளை, திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

வேகம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். பன்னிரண்டு பார் புளூஸில் ஒரு பாருக்கு நான்கு அடி. ஒரு சுற்றுக்கு 48 அடி. நிமிடத்துக்கு 80 அடி என்றால் ஒரு சுற்று 36 நொடியில் முடியும், ஏழு சுற்றுக்கு 4 நிமிடம் 12 நொடி. உற்சாகத்தில் குழு 96 அடிக்கு ஏறிவிட்டால் ஒரு சுற்று 30 நொடியாகச் சுருங்கி, ஏழு சுற்றும் மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆடும் பெண் 42 நொடியை இழக்கிறார். ஒரு காலுறையை ஒழுங்காகக் கழற்ற அவ்வளவு நேரம் தேவைப்படும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பாட்டின் பெயரைச் சொல்வதற்கு முன்பே, விரலைச் சொடுக்கிக் காலப்பிரமாணத்தைக் காட்டிவிடுகிறார்கள்.

கையுறையைக் கழற்றுவதில் என்ன பெரிய கலை இருக்கிறது?

ஒருமுறை மேடைக்கு மிக அருகில் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன். முழங்கைக்கு மேல் வரை ஏறிய கறுப்பு சாட்டின் கையுறை. கிளாரினெட் மட்டும் தாழ்ந்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தது. அவர் முதலில் சுண்டுவிரல் நுனியைப் பல்லால் மெல்லக் கடித்து ஓர் அங்குலம் இழுத்தார். டிரம்ஸ் கலைஞர் பிரஷ்ஷால் ஒரே ஒரு தடவு தடவினார். அடுத்த விரல், இன்னொரு தடவல். நடுவிரலுக்கு வந்தபோது இழுக்காமல் நிறுத்தி, முன்வரிசையில் இருந்த ஒரு முதிய பெண்மணியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கிளாரினெட்டும் மூச்சுப் பிடித்து நின்றது. அந்தப் பெண்மணி ‘ஆகட்டும்’ என்பதுபோலத் தலையசைத்த பிறகே விரல் விடுபட்டது. பிறகு மேல் விளிம்பிலிருந்து கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துக்கொண்டே வந்து, கடைசி நுனியை விடாமல் நீட்டிப் பிடித்தார். சாட்டின் துணி இழுபட்டு விறைத்து நின்றது. விட்டதும் அது சுண்டிப் பறந்து போய் விழ, டிரம்மின் விளிம்பில் ஓர் அடி. வெறும் முழங்கைதான் தெரிந்தது. நானூறு பேர் ஒரே குரலில் ஆர்ப்பரித்தார்கள்.

இதற்கு முன்னேற்பாடு உண்டு. கையுறை சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும், உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவியிருக்க வேண்டும், மோதிரமும் நீண்ட நகமும் தடுக்கக்கூடாது. வியர்த்த கையில் ஒட்டிக்கொண்ட கையுறையோடு போராடுவது எந்தக் கலைஞரும் விரும்பாத காட்சி.

அந்த உடைகளை யார் தைக்கிறார்கள்?

பலர் தாமே தைக்கிறார்கள். பார்ப்பதற்குச் சாதாரண கவுன் போலிருந்தாலும் உள்ளே அதன் கட்டமைப்பே வேறு. ஜிப்புக்குப் பதில் பெரிய கொக்கிகளும் அமுக்கு பொத்தான்களும் இருக்கும். பாவாடை ஓர் இழுப்பில் தனியே வந்துவிடும். இடையை இறுக்க முதுகில் கயிறு கட்டும் கோர்செட்டுக்கு முன்பக்கம் இரும்புக் கொண்டிகள் இருக்கும். கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பசையில் ஒட்டுவது வாரக்கணக்கான வேலை; அந்தப் பசையின் நெடி கடுமையானது என்பதால் சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும் என்று மூத்தவர்கள் இளையவர்களை எச்சரிப்பார்கள். நெருப்புக்கோழி இறகு விசிறிகள் மிக விலை உயர்ந்தவை. அவற்றின் கனம் மணிக்கட்டில் தெரியும். தோளை உயர்த்தாமல் அவற்றை அலை போலச் சுழற்ற மாதக்கணக்கில் பழக வேண்டும்.

பேஸ்டி என்பது என்ன? சட்டம் என்ன சொல்கிறது?

மார்புக்காம்பை மறைக்கும் சிறு வட்ட அலங்காரம்தான் பேஸ்டி. இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா அல்லது நாடகக்காரர்கள் மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம் பசையால் ஒட்டுவார்கள். நடுவில் குஞ்சம் கட்டிச் சுழற்றுவதும் உண்டு; அதில் பெயர் பெற்ற முன்னோடி கேரி ஃபினெல். 1991இல் இண்டியானா மாநில வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மேடையில் பேஸ்டியும் கீழாடையும் கட்டாயம் என்று ஒரு மாநிலம் விதிப்பது கருத்துரிமைக்கு எதிரானதன்று என்று தீர்ப்பளித்தது. சட்டத்துக்காக வந்த பொருளைக் கலைஞர்கள் நகையாக மாற்றிக்கொண்டார்கள்.

நடனக் கலைஞர்களைத் தவிர மேடையில் வேறு யார் இருப்பார்கள்?

அறிவிப்பாளரின் பொறுப்பு பெரிது. அவர்தான் கூட்டத்தைப் பழக்குகிறார், அடுத்த உருப்படிக்கு மேடை தயாராகும்வரை நேரத்தை நிரப்புகிறார். அதிகம் பேசப்படாத ஒருவர் ‘ஸ்டேஜ் கிட்டன்’. ஓர் உருப்படி முடிந்ததும் மேடையில் சிதறிக் கிடக்கும் கையுறை, காலுறை, இறகு, கழன்று விழுந்த கற்கள் எல்லாவற்றையும் பொறுக்குபவர். அடுத்து ஆடுபவர் வெறுங்காலில் வரலாம். ஒரு கொக்கி கிடந்தாலும் காலைக் கிழிக்கும். ஆகவே புன்னகைத்தபடி, தாளத்தோடு நடந்து, ஒரு பொருளையும் விடாமல் எடுக்க வேண்டும். இன்றைய தலைமைக் கலைஞர்களில் பலர் அந்த வேலையில் தொடங்கியவர்கள்.

எல்லோரும் ஏன் புனைபெயர் வைத்துக்கொள்கிறார்கள்?

பகலில் செவிலியராகவோ ஆசிரியையாகவோ வேலை பார்ப்பவருக்குப் பெயர் ஒரு பாதுகாப்பு. அதோடு, பெயரே உருப்படியின் முதல் வரி. அறிவிப்பாளர் அதைச் சொல்லும்போதே அரங்கத்துக்கு ஒரு சிரிப்போ ஒரு எதிர்பார்ப்போ வர வேண்டும். கலைஞரை மேடைப் பெயரால் மட்டுமே அழைப்பதும், சொந்தப் பெயர் தெரிந்திருந்தாலும் பொதுவில் சொல்லாமல் இருப்பதும் இந்த உலகத்தின் எழுதாத விதி.

ஒல்லியான இளம்பெண்கள் மட்டுமா ஆடுகிறார்கள்? ஆண்கள் உண்டா?

மீட்சிக்குப் பிந்தைய பர்லெஸ்க்கின் ஆகப் பெரிய சாதனையாக நான் கருதுவது இதைத்தான். 2004இல் இந்தத் துறையின் முதன்மைப் பட்டமான ‘மிஸ் எக்ஸாட்டிக் வேர்ல்டு’ பட்டத்தை வென்ற டர்ட்டி மார்டினி பருத்த உடலுள்ளவர், பாலே பயின்றவர். பெர்ல் நுவார் ஜோசபின் பேக்கரின் மரபை முன்னெடுத்து ஆடும் கறுப்பினக் கலைஞர். ஆண்கள் ஆடுவதை ‘பாய்லெஸ்க்’ என்கிறார்கள். ஆண், பெண் என்ற வகைக்குள் அடங்காதவர்களும் ஆடுகிறார்கள். அரங்கத்தில் பெண்கள் திரளாக வருகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. மகப்பேற்றின் தழும்பு தெரியும் வயிற்றோடு ஒருவர் மேடையில் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும் பெண்கள் எழுப்பும் குரல் வேறுவிதமாக இருக்கும்.

இதை நம்பி வாழ முடியுமா?

மிகச் சிலரால் முடியும். இசைக்குழு வைத்த நிகழ்ச்சியில் நுழைவுச் சீட்டுப் பணத்தை அரங்கம், குழு, அறிவிப்பாளர், ஒலி, ஒளி என்று பங்கிட்ட பிறகு நடனக் கலைஞருக்கு வருவது பெரிய தொகையன்று. உடைக்குச் செலவிட்டதைத் திரும்ப எடுக்கவே பல இரவுகள் ஆகும். அதனால் வகுப்பு நடத்துகிறார்கள், திருமணங்களிலும் விருந்துகளிலும் ஆடுகிறார்கள், ஊர் ஊராகப் போகிறார்கள். பெல்லா புளூ நியூ ஆர்லியன்சில் பர்லெஸ்க் பள்ளி ஒன்றையே நிறுவினார். டிட்டா வான் டீஸ் போலப் பெரிய மார்டினி கோப்பைக்குள் நீராடி உலகம் சுற்றுபவர் விதிவிலக்கு. ‘ஆசைக்காகத்தானே ஆடுகிறார்கள்’ என்று கூலி இல்லாமல் ஆடச் சொல்லும் ஏற்பாட்டாளர்கள் எங்கும் இருக்கிறார்கள். அது தவறு என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

பார்வையாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

சத்தம் போடுங்கள். கச்சேரி மண்டபத்தைப் போல அமைதியாக உட்கார்ந்திருப்பது இங்கே மரியாதையாகாது. குரல்தான் கலைஞருக்கும் குழுவுக்கும் எரிபொருள். தொடக்கூடாது. அறிவிப்பாளர் அனுமதித்தால் ஒழியப் படம் எடுக்கக்கூடாது, எடுத்ததைக் கலைஞரின் சம்மதமின்றி எங்கும் போடக்கூடாது. சாக்ஸபோன் நல்ல தனிச்சுற்று வாசித்தால் அதற்கும் கைதட்டுங்கள்.

வயதானால் ஓய்வு பெற்றுவிடுவார்களா?

ஜென்னி லீ என்ற முன்னாள் நடனக் கலைஞர் தம் தோழியரின் உடைகளையும் படங்களையும் சேர்க்கத் தொடங்கினார். 1990இல் அவர் இறந்த பிறகு, டிக்சி எவன்ஸ் என்ற இன்னொரு முன்னாள் கலைஞர் கலிபோர்னியப் பாலைவனத்தில் முன்பு ஆட்டுப் பண்ணையாக இருந்த இடத்தில் அந்தச் சேகரிப்பை அருங்காட்சியகமாகக் காத்தார். அது பின்னர் லாஸ் வேகாஸுக்குப் போய் பர்லெஸ்க் ஹால் ஆஃப் ஃபேம் ஆனது. அங்கே ஆண்டுதோறும் கூடும் வாரக் கடைசியில் ஓர் இரவு முழுவதும் ‘லெஜண்டுகள்’ என்று அழைக்கப்படும் மூத்தவர்களுக்கே உரியது. எழுபது, எண்பது வயதுப் பெண்கள் தங்கள் பழைய உருப்படியை ஆடுகிறார்கள். இளையவர்கள் பக்கத் திரைக்குப் பின்னால் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். டெம்பஸ்ட் ஸ்டார்ம் 2010இல், 82ஆம் வயதில், அந்தக் கூடுகையின் மேடையில்தான் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆடுவதை நிறுத்தினார். 2021இல் அவர் இறந்தார்.